மிச்சத்தில் கிடைத்த உடும்புப் பிடி

கூடத்தின் நடுவில் சார்ட் பேப்பரை விரித்து, பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் டம்ளர் வைத்திருந்தார்கள். தாள் முழுக்கப் பென்சில் கட்டங்கள். ஒரு மூலையில் நான்கு சின்னப் பட்டன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எதிர் மூலையில் தனியாக ஒரு பெரிய கறுப்புக் கோட்டுப் பட்டன்.

கறுப்புப் பட்டன் மந்திரவாதி. நீலப் பட்டன் நான்.

"நான் போறேன்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் ஒன்று அந்த நேரம் பார்த்து மொட்டைமாடியை உரசுவது போலப் போயிற்று. குரோம்பேட்டையில் எங்கள் தெருவுக்கு மேலே விமானம் வந்தால், பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, அது போனதும் மீதியைச் சொல்வோம். என்னிடம் மீதி இல்லை. முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

"நான் போறேன்."

"எங்கம்மா? குக்கர் வெச்சிருக்கியா?" என்றாள் என் மகள் பர்வீன்.

"அங்கே. அவர்கிட்டே."

"எவர்கிட்டே?"

கறுப்புப் பட்டனைக் காட்டினேன். அவளோடு வேலை பார்க்கும் ரமேஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, அவன் மந்திரவாதி மா. நீங்க இன்னாடான்னா சம்பந்தி வூட்டுக்குப் போற மாதிரி அவர் இவர்ன்றீங்க!"

அன்றைக்கு நான் அந்த மந்திரவாதியிடம் போனது சாவதற்காக. யாரிடமும் சொல்லாமல் அந்த வாரம் முழுக்க யோசித்துத் தீர்மானித்திருந்தேன். பட்டன் செத்தால் போதும். ஆள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடலாம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் பர்வீன் கம்ப்யூட்டரில் எதையோ படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "உன்னோட பிடியைப் பத்தி ஊர் உலகமெல்லாம் சண்டை போட்டுக்கறாங்க மா" என்றாள். இந்த மாதிரி விளையாட்டில் யாரும் எடுக்காத சண்டை வித்தைகளை எடுப்பதில் பிரயோஜனம் உண்டா, இல்லையா என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்களாம். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தை. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பட்டன் டப்பா

பர்வீனுடைய அத்தா, என் வீட்டுக்காரர், ஜி.எஸ்.டி. ரோட்டில் மேட்சிங் சென்டர் வைத்திருந்தார். லைனிங் துணி, நூல், பட்டன். அவர் போன பிறகு கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். பட்டன் டப்பா மட்டும் வீட்டுக்கு வந்தது. அப்போது மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

நான் இத்தா இருந்தேன். கணவர் இறந்தால் எங்களில் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் வீட்டோடு இருப்போம். அது முடிந்த பிறகும் எனக்கு வெளியே போகத் தோன்றவில்லை. பேசவும் தோன்றவில்லை. அதற்கு முன்னால் மட்டும் நான் பேச்சுக்காரியா என்றால் அதுவும் இல்லை. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். டீச்சர் கேள்வி கேட்கும்போது பதில் தெரிந்திருந்தாலும் தலையைக் குனிந்துகொள்வேன். தெரியாதவர்களோடு சேர்த்து என்னையும் நிற்க வைப்பார்கள். வாயைத் திறப்பதை விட அது சுலபமாக இருந்தது.

பர்வீன் சானடோரியம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்குள் வரும்போது முகம் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு பெண். அன்றைக்கு ஆபீஸ் கேன்டீனில் நண்பர்களோடு ஏதோ விளையாடுகிறேன் என்று போவாள். வந்து அவள் அத்தாவிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும்.

அத்தா போனதும் அவள் விளையாடப் போவது நின்றது. சில மாதம் கழித்து ஒரு நாள், "இனிமே இங்கேயே ஆடறோம் மா. உனக்குத் தொந்தரவு இல்லையே?" என்றாள். என்னைத் தனியாக விட்டுப் போக அவளுக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள்

வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் சீக்கிரமே பெங்களூருக்குப் போய்விட்டார். மீதி மூன்று பேர்தான் இந்தக் கதையில் வருகிறவர்கள்.

ஸ்டீபன் பல்லாவரத்துக்காரர். மெதுவாகப் பேசுவார். அவர்தான் கதை சொல்கிறவர். கல்பனா பர்வீனுக்குப் பக்கத்து மேசை. வந்ததும் நேராக அடுப்படிக்கு வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடும் பெண். ரமேஷ் மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் இருந்துவிட்டு பர்வீன் கம்பெனிக்கு வந்தவர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே அவர் குரல் வீட்டுக்குள் வந்துவிடும்.

விளையாட்டு இதுதான். "ஒரு கோட்டை. கதவுக்குப் பின்னால ஏதோ மூச்சு விடுது. என்ன செய்றீங்க?" என்று ஸ்டீபன் கேட்பார். ஒவ்வொருவரும் தங்கள் பட்டன் என்ன செய்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா என்பதை இருபது முகம் உள்ள தாயக்கட்டை ஒன்று முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் பலித்தது. ஒருவர் ஜெயித்து இன்னொருவர் தோற்பது கிடையாது. ஜெயித்தால் எல்லாரும், தோற்றால் எல்லாரும்.

ஆரம்பத்தில் நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படியிலேயே இருப்பேன். மதியம் நெய்ச்சோறும், பருப்பும் ஆட்டெலும்பும் போட்ட தால்ச்சாவும் செய்து, கல்யாணத்துக்கு வைப்பது போல ஒரு பெரிய சகனில், பெரிய வட்டத் தட்டில், குவித்து நடுவில் வைப்பேன். அவரவர் தட்டில் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் எழுந்த பிறகு நான் சாப்பிடுவேன். சகனில் என்ன மிச்சம் இருக்கிறதோ அது. எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான் சாப்பிட்டோம். அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை.

டிக் அடிக்காத வரி

பெங்களூருக்குப் போனவரின் இடம் காலியாக இருந்தது. நான்கு பேர் வேண்டிய சண்டையை மூன்று பேராகப் போட்டு, எல்லாரும் அடிபட்டு விழுந்தார்கள். ஸ்டீபன் அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க வந்து உக்காருங்களேன்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்றுதான் ஆட்டினேன். ரமேஷ் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு பாயில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். இடம் விட்ட பிறகு எப்படி உட்காராமல் இருப்பது?

புத்தகம் இங்கிலீஷ். பர்வீன் எனக்காக ஒரு தாளில் வித்தைகளைத் தமிழில் எழுதினாள். வாள் வீச்சு, வில், நெருப்பு மந்திரம், காயம் ஆற்றுதல் என்று வரிசையாக. யார் யாருக்கு எது இருக்கிறது என்று எனக்குத் தெரிவதற்காக, பக்கத்தில் டிக் அடித்துப் பெயரும் போட்டாள். வாளுக்கு ரமேஷ். வில்லுக்குக் கல்பனா. நெருப்புக்கும் காயம் ஆற்றுவதற்கும் பர்வீன். அடியில் மூன்று வரிகளில் டிக் இல்லை. காலை வாரிவிடுதல், ஆயுதத்தைத் தட்டிவிடுதல், மடக்கிப் பிடித்தல்.

"எது வேணுமோ எடு மா."

காலை வாருவது பாவம் என்று அதை விட்டேன். ஆயுதத்தைத் தட்டிவிட்டால் யார் காலிலாவது போய் விழும். மடக்கிப் பிடித்தலில் விரலை வைத்தேன்.

கல்பனாவும் ரமேஷும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அம்மா, அதை யாரும் எடுக்க மாட்டாங்க மா" என்றார் ரமேஷ். "பரவாயில்லை தம்பி" என்றேன். யாரும் எடுக்காததால்தானே நான் எடுத்தேன்.

"சரி, உடும்புப் பிடி!" என்று அவரே அதற்குப் பெயரும் வைத்தார்.

விற்காத நூல்

கடையில் ஒரு நூல் உருண்டை இருந்தது. பாசி நிறத்துக்கும் கடுகு நிறத்துக்கும் நடுவில் ஒரு நிறம். வருஷக் கணக்கில் அப்படியே இருந்தது. "இதை எந்த ரவிக்கைக்குப் போடுவாங்க? எடுத்துப் போட்டா அந்த இடத்துல ரெண்டு வெள்ளை வெக்கலாமே" என்று பர்வீன் அத்தாவிடம் கேட்டேன்.

"இருக்கட்டும். இந்தக் கலர்கூட இங்க கிடைக்கும்னு தெரிஞ்சாத்தான் மத்த கலருக்கு நம்மகிட்ட வருவாங்க" என்றார். அது உண்மைதான். பொத்தேரியிலிருந்துகூட ரயிலேறி வருவார்கள்.

ஆனால் அந்த உருண்டை கடைசிவரை விற்கவில்லை. இப்போதும் பட்டன் டப்பாவில் கிடக்கிறது. அதனால் யாரும் எடுக்காத எல்லாவற்றுக்கும் ஒரு நாள் வரும் என்று நான் சொல்லப் போவதில்லை. சிலதுக்கு வரும். சிலதுக்கு வராது.

என் உடும்புப் பிடிக்கும் வராது என்றுதான் நினைத்தேன். முதல் வாரம் ஒரு ராட்சசனைப் பிடித்தேன். அவன் என்னை ஈரத்துணி மாதிரி உதறிப் போட்டான். அடுத்த வாரம் ஒரு ஓநாய். வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் என்ன செய்கிறேன் என்பதைக்கூட உரக்கச் சொல்ல மாட்டேன். பர்வீன் காதில் சொல்வேன், அவள் எடுத்துச் சொல்வாள். நான் பிடிக்கிறேன் என்றதும் ஸ்டீபன் புத்தகத்தைத் திறப்பார். வாள் வீச்சுக்கு அரைப் பக்கம் என்றால் மடக்கிப் பிடிப்பதற்குப் பொடி எழுத்தில் இரண்டு பக்கம். முதலில் தொட வேண்டும், பிறகு பிடிக்க வேண்டும், அவன் திமிறினால் ஒரு கணக்கு, உருண்டால் இன்னொரு கணக்கு. அவர் படித்து முடிப்பதற்குள் ரமேஷ் தெருவில் போய் நின்றுவிட்டு வருவார்.

அதற்குப் பிறகுதான் மந்திரவாதி வந்தார். வாரா வாரம் அவருடைய கோபுரத்துக்குப் போவோம். வாசலில் காவல் நிற்கும் ஓநாயைப் பிடிக்கப் பார்ப்பதோடு சரி, அவர் பக்கத்தில் நான் போனதே இல்லை. அவர் கையை அசைத்து வாய்க்குள் ஏதோ சொல்வார். நெருப்பு கொட்டும். பாதி உயிரோடு திரும்பி ஓடி வருவோம். ஆறு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போயிற்று.

கேட் ஓரம் கேட்டது

ஆறாவது ஞாயிறு சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு மேலே உள்ள ஜன்னலுக்கு வெளியே கேட். ரமேஷ் வண்டியை எடுக்க, பர்வீன் வழியனுப்ப நின்றாள்.

"தப்பா எடுத்துக்காத பர்வீன். ஆறு வாரமா அந்த மந்திரவாதியாண்ட அடி வாங்கினு கீறோம். நாலு பேரு அடிக்கணும், மூணு பேருதான் அடிக்கிறோம். அம்மா போய்ப் புடிக்கிறாங்க, அது வழுக்கினு போவுது, ஸ்டீபன் புக்கைப் புரட்டறான். ஒரே பேஜாரா கீது."

"அவங்களுக்கு அது பிடிச்சிருக்கு ரமேஷ்."

"நான் இன்னா சொல்றேன்னா, முன்ன மாதிரி கேன்டீன்லயே ஆடலாம். சாப்பாட்டுக்கு வேணா இங்க வரேன். அம்மா தால்ச்சாவை நான் குறை சொல்வனா?"

"அம்மாவை விட்டுட்டு நான் வரமாட்டேன். நீங்க மூணு பேரும் ஆடுங்க. நான் நின்னுக்கறேன்."

ரமேஷ் வண்டியை உதைக்காமல் நின்றார். "நீ இல்லாம இன்னாத்த ஆடறது?" என்றார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சகனைத் தேய்த்த கை அப்படியே நின்றுவிட்டது. அவர் சொன்னது அத்தனையும் நியாயம். என்னால் அவர்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அது போனால் போகிறது. வாரத்தில் அந்த அரை நாள்தான் என் மகளுக்குத் தோள் குலுங்கும். அதையும் எனக்காக விட்டுவிடுகிறேன் என்கிறாள்.

நானாக "இனி வரவில்லை" என்று சொல்ல முடியாது. ஜன்னலில் கேட்டது அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அன்றோடு அவளும் நிறுத்திவிடுவாள். யாருக்கும் வருத்தம் இல்லாமல், விளையாட்டின் சட்டப்படியே நான் வெளியே போக வேண்டும். அதற்கு ஒரே வழிதான் தெரிந்தது.

சாவதற்கு வழி

அடுத்த ஞாயிறு காலை கல்பனா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன்.

"கல்பனா, செத்துப்போறதுக்கு என்ன பண்ணணும்?"

கத்தி கீழே விழுந்தது. "ஆன்ட்டி! என்ன பேசறீங்க?"

"விளையாட்டுல மா."

"அய்யோ, எனக்கு உயிரே போயிடுச்சு!" முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது ஈஸி ஆன்ட்டி. துணைக்கு ஆள் இல்லாம தனியா முன்னாடி போகணும். வெறுங்கையோட மந்திரவாதி பக்கத்துல போனீங்கன்னா, நீங்க தொடறதுக்கு முன்னாடியே அவன் ஒரு அடி போடுவான். உங்களுக்கு உயிர் ஏற்கெனவே கம்மி. ஏன் கேக்கறீங்க?"

"தெரிஞ்சுக்கலாம்னு. அப்படி ஆகாம பாத்துக்கலாமே."

"செத்தாலும் ஒண்ணும் இல்ல, வேற ஆள் எடுத்துக்கலாம்."

"எடுத்துத்தான் ஆகணுமா?"

"அது உங்க இஷ்டம்தான்."

எனக்கு அது போதும். தாளிப்பில் பட்டையும் கிராம்பும் போட்டேன். மனசு லேசாகிவிட்டது.

"அந்தப் பக்கத்தைத் திறக்காதே!"

இப்படித்தான் நான் "அவர்கிட்டே போறேன்" என்று சொன்னேன். பர்வீன் காதில் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவாள்.

"வேணாம் மா. பின்னாடியே நில்லு" என்றாள்.

"நான் சொல்லிட்டேன்."

"சொன்னா சொன்னதுதான்" என்றார் ரமேஷ். அவருக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும்.

ஸ்டீபன் என்னைப் பார்த்தார். "பக்கத்துல போனா முதல்ல அவர் அடிப்பார் மா." என்னோடு பேசிப் பேசி அவருக்கும் மந்திரவாதி 'அவர்' ஆகிவிட்டிருந்தார்.

"அடிக்கட்டும்."

ஸ்டீபன் தாயக்கட்டையை உருட்டினார். அது டம்ளரில் இடித்துத் திரும்பி நின்றது. இரண்டு.

"தவறிடுச்சு" என்றார்.

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. "பெரியவருக்குக் கண் தெரியலை போல" என்றேன்.

"இப்ப பக்கத்துல நிக்கறீங்க. என்ன செய்றீங்க?"

எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே. "பிடிக்கறேன்."

ரமேஷும் கல்பனாவும் ஒரே குரலில் கத்தினார்கள். "டேய், அந்தப் பக்கத்தைத் திறக்காத டா!"

ஸ்டீபன் திறந்துவிட்டார். நான் உருட்டினேன். பதினேழு. மந்திரவாதிக்காக அவர் உருட்டினார். பன்னிரண்டு. பிறகு விரலை வைத்து வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தார். குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். தால்ச்சாவில் மாங்காயைப் போட்டு ஒரு கொதி விட்டேன். கூடத்தில் சத்தமே இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

"செத்துட்டேனா?"

"இல்லம்மா" என்றார் ஸ்டீபன். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பிடிச்சிட்டீங்க. இவர் வயசானவர், உடம்புல பலம் கிடையாது. பலமெல்லாம் கையிலயும் வாயிலயும்தான். பிடிபட்ட ஆள் கையை அசைக்க முடியாது. கையை அசைக்காம இவரால நெருப்பு போட முடியாது."

"இன்னா சொன்ன?" என்றார் ரமேஷ். "திரும்பப் படி."

ஸ்டீபன் திரும்பப் படித்தார்.

"அம்மா" என்றார் ரமேஷ். குரலே மாறிவிட்டது. "வுட்றாதீங்க மா. எது வந்தாலும் வுட்றாதீங்க!"

அவர் வாளோடு பாய்ந்தார். கல்பனா வில்லை எடுத்தாள். "வில்லு வேணாம், அம்மா மேல பட்டுடும்!" என்று பர்வீன் கத்தினாள். கல்பனா வில்லைப் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தாள். மந்திரவாதி திமிறினார். எனக்கு ஒன்பது விழுந்தது, அவருக்கு எட்டு. ஒரே ஒரு எண்ணில் பிடி நின்றது.

"அம்மா, உங்க முறை. விடறீங்களா, பிடிக்கறீங்களா?"

இப்போது விட்டால் நான் வந்த காரியம் முடிந்துவிடும். விட்ட கையோடு அவர் என்னைப் பொசுக்கிவிடுவார். பர்வீனைப் பார்த்தேன். அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் ராட்டினத்தில் மேலே போகும்போது அப்படி இருந்தாள்.

தலைக்கு மேலே அடுத்த விமானம் வந்தது. ஜன்னல் அதிர்ந்தது. அது போகட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நான் காத்திருக்கவில்லை.

"பிடிக்கறேன்!"

எல்லாருக்கும் கேட்டது.

இன்னும் இரண்டு சுற்று ஆயிற்று. எனக்குப் பதினான்கு விழுந்தது, பிறகு பதினொன்று. மந்திரவாதி விழுந்தபோது ரமேஷ் பாயிலிருந்து எழுந்து குதித்து, சார்ட் பேப்பரில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டினார். பர்வீன் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. நல்ல வேளை, சிரிப்புதான்.

பிரயோஜனம் உண்டா?

கம்ப்யூட்டரில் சண்டை போடுகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். உடல் பெருத்தவனிடம் இந்தப் பிடி செல்லாது. வழுக்கி ஓடும் ஓநாயிடமும் செல்லாது. கையும் வாயுமே பலமாக இருக்கிறவரிடம் இதைப்போல வேறொன்று இல்லை. அப்படி ஒருவர் எதிரே வரும்வரை இது சும்மா கிடக்கும். அந்த வாரங்களில் நம் பங்கு அடியை மற்றவர்கள் அடிக்க வேண்டியிருக்கும், அவர்களுக்கு அலுப்பும் வரும். பொறுத்துக்கொள்கிற மூன்று பேர் கூட இருந்தால் எடுக்கலாம். இல்லாவிட்டால் வாளை எடுத்துக்கொள்வதே நல்லது.

சகனைச் சுற்றி

சாப்பாடு வைத்தேன். வழக்கம்போல அடுப்படிக்குத் திரும்பப் போனேன். "உக்காருங்க ஆன்ட்டி, எங்க போறீங்க?" என்று கல்பனா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"காலையில செத்துப்போறது எப்படின்னு கேட்டீங்களே, அதுக்குத்தான் முன்னாடி போனீங்களா?" என்றாள்.

பொய் சொல்ல வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"எதுக்கும்மா?" என்றாள் பர்வீன்.

என் கண் தானாக அடுப்படி ஜன்னல் பக்கம் போயிருக்க வேண்டும். ரமேஷ் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"கேட்டாண்ட நான் பேசினதா மா?"

"நீங்க சொன்னது நியாயம்தான் தம்பி."

"நியாயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாரி மா." அவ்வளவு மெதுவாக ரமேஷ் பேசி நான் கேட்டதில்லை. "செத்து கித்துப் போயிருந்தீங்கன்னா நான் இன்னா ஆவறது?"

கல்பனாதான் பேச்சை மாற்றினாள். "சரி, முதல் நாள் இதை எப்படித்தான் எடுத்தீங்க? யாரும் எடுக்க மாட்டாங்கன்னு ரமேஷ்கூடச் சொன்னானே."

"வேற என்ன இருந்துச்சு? நீங்க எல்லாம் எடுத்தது போக மிச்சம் அந்த மூணுதானே."

"மிச்சமா?"

"மத்ததுலதான் டிக் அடிச்சிருந்தாளே. நீங்க எடுத்துட்டதை நான் எப்படி எடுக்கறது?"

ஸ்டீபன் தட்டைக் கீழே வைத்தார். "அம்மா, அது எடுக்க எடுக்கத் தீர்ந்து போறதில்ல மா. வாள் வீச்சை நாலு பேருமே எடுக்கலாம். எது வேணும்னாலும் எடுத்திருக்கலாம் நீங்க."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ரமேஷ்கூடச் சிரிக்கவில்லை. பர்வீன் என்னைப் பார்க்கவில்லை. சகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் தட்டை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பது போல.

எழுந்து போய்க் கை கழுவிவிட்டு அந்தத் தாளையும் ரப்பரையும் எடுத்து வந்தாள். டிக்குகளையும் பெயர்களையும் ஒவ்வொன்றாக அழித்தாள். "மந்திரவாதியை ஜெயிச்சதுக்கு எல்லாருக்கும் புதுசா ஒரு வித்தை கிடைக்கும். நீ முதல்ல எடு மா."

எழுத்துக் கூட்டிப் படிப்பது போல ஒவ்வொரு வரியாகப் படித்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"பிடி இருக்கட்டும்" என்றேன். "புதுசுக்கு நெருப்பு மந்திரம். முதல் நாள்லேர்ந்தே அது மேல எனக்கு ஒரு ஆசை."

"எனக்கு அம்மாவோட உடும்புப் பிடி!" என்று ரமேஷ் சத்தம் போட்டார். போன குரல் திரும்பி வந்துவிட்டது. சத்தத்தோடு சத்தமாக அவர் கை சகனுக்குப் போயிற்று. நடுவில் ஒரே ஒரு நல்லி எலும்பு இருந்தது. வாரா வாரம் அது அவருக்குத்தான் போகும்.

"அதை விடுங்க தம்பி" என்றேன். "எனக்கு வேணும்."

ரமேஷ் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். "புடிச்சிட்டாங்கப்பா! கையே அசைய மாட்டேங்குது!"

பர்வீனுடைய தோள் மறுபடி குலுங்க ஆரம்பித்தது. நான் எலும்பை எடுத்துத் தட்டின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டி வாயில் வைத்தேன். நாக்கு சுட்டுவிட்டது. நல்லி அவ்வளவு சூடாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.